சொன்னதை அப்படியே எழுதினேன்

இந்த எடத்துல ஆளு வருதுங்களா அம்மணி? வர்லீங்களா, சேரி. அந்தப் பையைச் சித்த அக்கட்ட நகத்திக்குங்க. எம்பட பை கொஞ்சம் பெருசு. சாம்பிள் பை. நாப்பத்தி மூணு கவுன் இருக்குது உள்ளுக்குள்ள, பூராம் பொம்பளப் புள்ளைங்களுது. இதுக்கும் ஒரு டிக்கெட் போடோணும்ங்கறான் கண்டக்டரு. போட்டுட்டுப் போறான்.

உங்க மடியில இருக்கற அட்டையைப் பாத்துட்டுத்தான் இங்க வந்து உக்காந்தேன். திருப்பூரு ஜவுளி ஃபேருக்குத்தான போறீங்க? நானும் அங்கதானுங்க. இருவத்தியாறு வருசமாப் போறேன். பேரு சென்னியப்பன், ஏஜென்டு. கம்பெனிக்காரன் தைக்கறதைக் கடைக்காரங்களுக்குக் காட்டி ஆர்டர் எழுதற வேலை. தாராபுரம், மூலனூரு, வெள்ளகோயிலு, இந்தப் பக்கமெல்லாம் என் லைன். உங்களுக்கு எந்த ஊருங்க? கள்ளிமந்தயமா. கடை போட்டு எத்தன நாளாச்சு? மூணு மாசமா. மொத ஃபேரா. சேரி, சேரி.

அப்படின்னா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. அங்க வாசல்ல அட்டையைக் கயித்துல கோத்துக் கழுத்துல மாட்டி விடுவாங்க. கடைக்காரங்களுக்குப் பச்சைக் கயிறு, கம்பெனிக்கு நீலம், எங்களுக்குச் சேப்பு. உள்ள நொழஞ்சா எவனும் உங்க மொகத்தைப் பாக்க மாட்டான், கயித்தைத்தான் பாப்பான். பச்சைக் கயிறு, தெரியாத மொகம், கையில புதுப் பை. நாலு சேப்புக் கயிறு வந்து சூந்துக்கும். "அக்கா, டீ குடிங்கக்கா. உங்க ஊருல இந்த ஐட்டம் யாருக்கும் குடுக்கலீங்க, உங்களுக்கு மட்டுந்தான்"னுவான். அதே பேச்சை உங்க ஊருல இன்னும் ரெண்டு பேருகிட்டயும் பேசியிருப்பான். நானே பேசியிருக்கறேன்.

பழைய கடைக்காரங்க என்ன பண்ணுவாங்க தெரியுங்களா? அட்டையைத் திருப்பிப் போட்டுக்குவாங்க. பேரு, ஊரு எதுவும் தெரியாது. ஒரு சுத்து சும்மா சுத்துவாங்க. துணியைப் பாக்கறாப்பல ஆளைப் பாப்பாங்க. எந்த ஏஜென்டு முன்னால பழைய கடைக்காரங்க வந்து உக்காந்து ஊட்டுக் கதை பேசறாங்களோ, அவன்கிட்டப் போயி உக்காருவாங்க. நீங்களும் அப்படிப் பண்ணுங்க.

எங்கிட்ட அப்படித்தான் ஒருத்தரு வந்து உக்காந்தாரு. உக்காந்தவரு பத்தொம்பது வருசம் வேற ஸ்டாலுக்கே போகல. இன்னைக்குக் காத்தால அவரு கடையில இருந்துதான் வர்றேன். நீங்க கேக்கலீங்க, நானாத்தான் சொல்றேன். ஊட்டுல சொன்னா எம்பட ஊட்டுக்காரி என்னையத்தான் வைவா. வையட்டும், வைய வேண்டியதுதான். ஆனாலும் சொல்ல வாய் வர்ல.

ரத்தினசபாபதின்னு பேரு. மூலனூர்ல ஜவுளிக்கடை. அந்த வருசம் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு என் ஸ்டால் முன்னால மூணு தடவ வந்தாரு. கவுனோட உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பாத்தாரு, ஒரு வார்த்த பேசல, போயிட்டாரு. நாலாவது தடவ வந்து, அட்டையை நேராத் திருப்பிப் போட்டுட்டு, எம்முன்னால உக்காந்து "எழுது"ன்னாரு. அட்டையில பேரைப் படிச்சு, "சொல்லுங்கண்ணா"ன்னேன். அவ்வளவுதான். அன்னைலருந்து அவரு அண்ணா, நான் சென்னி.

அண்ணன் நல்ல மனுசனுங்க. ஆனா ஒரு பழக்கம். நாலு பேரு முன்னால கையைப் பெருசா வீசுவாரு. ஃபேர்ல கம்பெனி முதலாளி நிப்பாரு, பக்கத்து ஊருக் கடைக்காரங்க நிப்பாங்க, "அதுல ஒரு முப்பது செட்டு போடு, இதுல ஒரு இருவத்தஞ்சு போடு"ம்பாரு. செட்டுன்னா ஒரு டிசைன்ல சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் அஞ்சு அளவு, அளவுக்கு ஒண்ணு. முப்பது செட்டுன்னா நூத்தம்பது கவுன். மூலனூர்ல அத்தன புள்ளைக எங்கிருக்குது? முருங்கைக்காய் போட்டுப் பொழைக்கற ஊரு. காய்க்கு வெலை வந்தா புள்ளைக்குக் கவுன் வரும். செம்மண்ணுப் புழுதி வேற. வெளுத்த கலரு அங்க ஓடவே ஓடாது, ஒரு நாள் போட்டாச் சேப்பாயிரும்.

நான் என்ன பண்ணுவேன்னா, "சேரிங்கண்ணா"ன்னு அவரு சொன்னதைத் துண்டு நோட்டுல கிறுக்கிக்குவேன். ஸ்டால்ல கூட்டத்துல எல்லா ஏஜென்டும் கிறுக்கத்தான் செய்வான். பொழுதோட எதுத்தாப்பல டீக்கடையில உக்காந்து ஆர்டர் பாரத்துல திருத்தமாப் பேத்து எழுதுவோம். கம்பெனிக்குப் போறது அந்தப் பாரந்தான். அங்க வெச்சு முப்பதைப் பன்னெண்டாக்குவேன். இருவத்தஞ்சை எட்டாக்குவேன். வெளுத்த கலரை எடுத்துட்டு மெரூன், கருநீலம், பாக்குக் கலரு எழுதுவேன். அந்த வருசம் முருங்கைக்கு என்ன வெலைன்னு விசாரிச்சுட்டுத்தான் பேனாவையே தொறப்பேன்.

பத்தொம்பது வருசம் இப்படி. அவருக்குத் தெரியாதுங்க. தெரியாதுன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ஒரு தீவாளிக்கும் அந்தக் கடையில சரக்குத் தேங்குனதில்ல. அந்தக் கடையைக் கட்டிக் காப்பாத்துறவன் நான்தான்னு எனக்குள்ள ஒரு இது. வெளிய சொன்னதில்ல. சொல்லாம வெச்சிருந்ததுலயே ஒரு ருசிங்க அது.

போன வருசத்துக்கு முந்துன வருசம், ஆடி மாசம், இதே ஃபேரு. அண்ணன் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. கரூர்ல மூணு மாடி ஜவுளிக்கடை வெச்சிருக்கறவரு, அருணகிரின்னு பேரு. அண்ணன் புள்ளைய அவரு பையனுக்குக் கேட்டுக்கிட்டிருந்த சமயம். இன்னும் ஒப்புத் தாம்பூலம் மாத்தல. சம்பந்தியாகப் போறவரு. அண்ணன் வெள்ளச் சட்டை மடிப்புக் கலையாம, அட்டையை நேராப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்தாரு. நெட்டு வெச்ச கவுனு புதுசா வந்திருந்துச்சு அந்த வருசம், கிரீம், வெளுத்த ரோசு, பதினோரு டிசைன். "எல்லாத்துலயும் நாப்பது செட்டு எழுது சென்னி"ன்னாரு.

நான் ஒண்ணும் சொல்லலீங்க. அவரு சுள்ளுன்னு விழுந்தாரு. "நான் சொல்றதை எழுதத்தான் நீ இருக்கறே. எழுது"ன்னாரு. சம்பந்தி முன்னால, முதலாளி முன்னால, நாலு கம்பெனிப் பசங்க முன்னால. பத்தொம்பது வருசம் பழகுனவன்னு ஒரு மட்டு மரியாதை வேண்டாங்களா? எனக்கு மொகமெல்லாம் சுட்டுப்போச்சு. எழுதுனேன்.

பொழுதோட டீக்கடையில உக்காந்தேன். பாரத்தை எடுத்தேன். நாப்பது. நாப்பது. நாப்பது. பதினோரு வரி. கிரீமுன்னா கிரீமு, ரோசுன்னா ரோசு. ஒரு எழுத்து மாத்தலீங்க. என் கையெழுத்து அத்தன அழகா என்னைக்கும் வந்ததில்ல. சொன்னதை எழுதுனா தப்பா? நீங்க சொல்லுங்க. கோர்ட்டுல போயி நின்னாலும் எம்மேல குத்தஞ் சொல்ல முடியாது. அப்படி நெனச்சுக்கிட்டு வடை ஒண்ணு எச்சா வாங்கித் தின்னேன். அந்த வடை இப்பவும் நெஞ்சுலயே நிக்குது.

நாலு நாள் கழிச்சு முதலாளி போன் பண்ணாரு. "ஏனப்பா, மூலனூருக்கு இத்தன போகுமா? வெட்டலாமா?"ன்னாரு. துணியை இன்னும் வெட்டல பாருங்க. அப்பவும் மாத்தியிருக்கலாம். ஒரு வார்த்த. "பன்னெண்டாப் போட்டுக்குங்க"ன்னா முடிஞ்சுது. நான், "கடைக்காரரு உங்க முன்னாலதானுங்க சொன்னாரு"ன்னேன்.

சேரி, உள்ளதைச் சொல்லிப்போடறேன். நான் ஒண்ணும் சொல்லலைன்னேன் பாருங்க, அது பொய்யி. சொன்னேன். அண்ணன் நாப்பதுன்னதும் நான் சிரிச்சேன். சம்பந்தியைப் பாத்துத்தான் சிரிச்சேன். "அண்ணன் இப்படித்தானுங்க, கையை வீசுவாரு. நம்மூருக்கு எட்டு செட்டு தாண்டாதுங்க. எது எத்தன போகும்னு எனக்குத்தான் தெரியும், வருசா வருசம் நாந்தான் கொறச்சு எழுதறது"ன்னேன். மூணு மாடிக்காரரு பாருங்க, அவரு கடை ஆர்டரும் கெடச்சா நல்லாருக்கும்னு மனசுல ஓடிருச்சு. நான் எம்மாங் கெட்டிக்காரன்னு காட்டோணும்னு வாய் வந்துருச்சு. அவரு "அப்படிங்களா"ன்னு அண்ணனைப் பாத்தாரு. அண்ணன் காது செவந்துபோச்சு. அப்பறந்தான் எழுதுன்னு சொன்னாரு. எவனாயிருந்தாலும் சொல்லத்தான் செய்வான். பொண்ணு குடுக்கப் போற எடம்.

ஆனா அன்னைக்கு எனக்கு அது தெரியலீங்களே. அவரு சொன்னது மட்டுந்தான் காதுல நின்னுச்சு, நான் சொன்னது நிக்கல.

புரட்டாசியில சரக்குப் போச்சு. பண்டல் பண்டலா லாரி ஆபீசுல போயி எறங்கும். ரெண்டாயிரத்தி எரநூறு கவுனு. வழக்கமா பார்சல் வந்த அன்னைக்கே போன் பண்ணுவாரு, "வந்துருச்சு சென்னி"ம்பாரு. அந்தத் தடவ பண்ணல. நான் போனைக் கையிலயே வெச்சிருந்தேன். அவரு கத்துவாரு, "என்னடா பண்ணி வெச்சிருக்கறே"ம்பாரு, நான் மெதுவா, "நீங்க சொன்னதைத்தானுங்கண்ணா எழுதுனேன்"னு சொல்லோணும். அந்த வார்த்தயைக் குளிக்கறப்பக் கூடச் சொல்லிப் பாத்துக்கிட்டேன். போனே வர்ல. வேண்டாம்னா லாரி ஆபீசுலயே திருப்பி விடலாமுங்க, அதுக்கு வழி இருக்குது. திருப்பவும் இல்ல. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாரு. சேரி, வித்துருவாரு போலன்னு நெனச்சேன்.

அந்த வருசம் முருங்கைக்காயைப் பறிக்கற கூலிக்குக்கூட வெலை வர்ல. காயை மரத்துலயே உட்டுட்டாங்க. தீவாளி போச்சு. நான் மூலனூர்ப் பக்கமே போகல. உடம்புக்கு முடியலைன்னு சொல்லிக்கிட்டேன். தை பொறந்துதான் போனேன். கடை வாசல்ல நின்னுட்டேன். மேல தூலத்துல இருந்து கீழ படி வரைக்கும் கிரீம் கவுனு. கயித்துல வரிசையாத் தொங்குது. அண்ணன் அதுக்கு நடுவுல உக்காந்திருக்கறாரு. "வா சென்னி, டீ சாப்புடு"ன்னாரு. அதைப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. புள்ள கலியாணம் நிச்சயமாயிருச்சுன்னு பத்திரிக்கை குடுத்தாரு. வைதிருந்தா நான் டீயைக் குடிச்சிருப்பேன். பாதியில வெச்சுட்டு வந்துட்டேன்.

அந்தச் சித்திரையில அந்தப் பக்கம் கோயில் நோம்பி, தேரு ஓடும். அண்ணன் அந்தக் கவுனையெல்லாம் வந்த வெலைக்கு, அதுக்கும் கீழ, கடைசியில சும்மாவே குடுத்திருக்கறாரு. நான் பஸ்ஸுல போறேன், சன்னல்ல பாத்தா ரோட்டோரம் தேரு பாக்கப் போற புள்ளைக அத்தனையும் கிரீம் கவுனு. ஆறு புள்ள ஒரு பக்கம், நாலு புள்ள இன்னொரு பக்கம், அம்மா இடுப்புல ஒண்ணு. பக்கத்துல உக்காந்திருந்த ஆளு, "ஏதோ ஸ்கூல் யூனிபார்ம் போல"ன்னான். நான் ஆமாங்கன்னுட்டேன்.

போன வருச ஃபேருக்கு அண்ணன் வர்ல. கேட்டவங்களுக்கெல்லாம் முட்டிவலின்னு சொன்னேன். அவரு உக்கார்ற நாற்காலியில யாரையும் உக்கார விடல. அதைப் பெருசாச் சொல்லிக்க ஒண்ணுமில்ல, அதுவும் என் மனசுக்காகப் பண்ணுனதுதான்.

இந்த வருசம் என்னால முடியலீங்க. காத்தால மொத பஸ்ஸுக்கு மூலனூரு போயிட்டேன். கடையை ரெண்டாத் தடுத்திருக்குது அம்மணி. ஒரு பக்கம் செல்போன் கடைக்கு வாடகைக்கு உட்டுட்டாரு. மிச்சம் இருக்கற பக்கத்துல அண்ணன் குறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கறாரு. நான் நின்னுக்கிட்டே சொன்னேன். "அண்ணா, தப்புப் பண்ணிப்போட்டேன். உங்க ஆர்டரை வருசா வருசம் நாந்தான் கொறச்சு எழுதுவேன். அந்த வருசம் ரோசத்துல கொறைக்கல"ன்னேன். பெரிய ரகசியத்தைச் சொல்றவனாட்டம் சொன்னேன்.

அவரு சிரிச்சாரு. "ஏஞ் சென்னி, பார்சலைப் பிரிக்கறவன் நானு. பில்லைப் பாக்கறவன் நானு. முப்பது சொன்னாப் பன்னெண்டு வருதுன்னு எனக்குத் தெரியாதா? மொத வருசமே தெரியும்"ன்னாரு.

தூக்கிக்கிட்டிருந்த பையைக் கீழ வெச்சேன்.

"நாலு பேரு முன்னால நான் பெருசாச் சொல்லிக்குவேன், நீ அளந்து எழுதுவே. அப்படின்னுதான் உங்கிட்ட உக்காந்தது. நீ எழுதற அளவுக்குத்தான் தட்டுல எடம் ஒதுக்கி வெப்பேன். அன்னைக்கு நீ கோவிச்சுக்கிட்டேன்னு தெரியும். நானும் எடுத்தெறிஞ்சு பேசிட்டேன். டீக்கடையில உக்காந்தா நீ சேரியாயிருவேன்னு நெனச்சேன்"ன்னாரு.

"பண்டல் வந்தன்னைக்குத் திருப்பி உட்டிருக்கலாமுங்களேண்ணா"ன்னேன்.

"அத்தனையைத் திருப்புனா உம்பட முதலாளி உன்னைய வெச்சிருப்பானா? லைனை வேற ஒருத்தனுக்குக் குடுத்துருவான். உனக்கும் புள்ள இருக்குது"ன்னாரு.

பாத்துக்குங்க. நான் இங்க போனைப் புடிச்சுக்கிட்டு அவரு கத்தட்டும்னு காத்துக்கிட்டிருந்திருக்கறேன். அவரு அங்க என் லைனு போயிரக் கூடாதுன்னு ரெண்டாயிரத்தி எரநூறு கவுனை எறக்கி உள்ள வெச்சிருக்கறாரு. அதுக்கப்பறம் நான் தின்ன சோறெல்லாம் அந்தக் கவுனுக்குள்ள இருந்து வந்ததுதானுங்க. எனக்கு எங்க போயி முட்டிக்கறதுன்னு தெரியல. உக்காந்து அழுதுட்டேன். அறுவது வயசாகப் போகுது, செல்போன் கடைப் பையன் எட்டிப் பாக்கறான்.

அப்பறம் அவரே சாம்பிள் பையைத் தொறக்கச் சொன்னாரு. அடுக்கி வெச்சுப் பாத்தாரு, பழையபடி உள்பக்கம் திருப்பித் தையலைப் பாத்தாரு. எனக்கு உசுரு வந்துச்சு. "எழுது"ன்னாரு. "மெரூன்ல எட்டு. கருநீலம் ஆறு. அவ்வளவுதான்"ன்னாரு. இந்த வருசம் முருங்கைக்கு நல்ல வெலைங்க, "எச்சாப் போகுமுங்கண்ணா"ன்னேன். "எட்டுன்னா எட்டுதான்"ன்னாரு. எழுதுனேன்.

எழுதி முடிச்சதும், "படிச்சுக் காட்டு"ன்னாரு.

கோவமாச் சொல்லலீங்க. கண்ணாடியைத் தொடச்சுக்கிட்டே சாதாரணமாத்தான் சொன்னாரு. புதுசா வந்த ஏஜென்டுகிட்டச் சொல்றாப்பல. இத்தன வருசத்துல ஒரு நாளும் அந்த மனுசன் என்னையப் படிச்சுக் காட்டச் சொன்னதில்ல. படிச்சேன். மெரூன் எட்டு, கருநீலம் ஆறு. "இன்னொருக்கா"ன்னாரு. இன்னொருக்காவும் படிச்சேன். "சேரி, போயிட்டு வா"ன்னாரு.

கொடுவாய் தாண்டியாச்சுங்களா? அப்ப எறங்கற நேரமாச்சு. உங்களையும் பேச உடாம வந்துட்டேன்.

கார்டுங்களா? எம்பட கார்டா? இத்தனையும் கேட்டுட்டா? இல்லீங்க, நல்ல பசங்க நாலு பேரு இருக்கறாங்க, நானே கூட்டிட்டுப் போயிக் காட்டறேன். வேண்டாங்களா. சேரி, இந்தாங்க. ஓரம் மடங்கியிருக்குது, பரவால்ல. மேல இருக்கற நம்பரு பழசு, கீழ இருக்கறதுதான்.

அந்தக் கவுனா? கையை உட்டு எடுங்க, பாக்கத்தான கொண்டு போறது. அது கிரீமு. உள்பக்கம் திருப்பிப் பாருங்க, தையலு நல்லாருக்கும். எத்தன, இருவது செட்டா? கள்ளிமந்தயத்துக்கு இருவது செட்...

இல்லீங்க, நான் ஒண்ணும் சொல்லல. நோட்டை எடுத்துக்கறேன். பஸ்ஸுல இப்ப நம்ம பேச்சை யாரும் கேக்கல, அதனால கேக்கறேன். இருவதுன்னா இருவதேதானுங்களா, அம்மணி?